ஊர்ப் பழைய கல்லறைத் தோட்டமும் அடக்கப் பதிவேடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் கோட்டை ஊர், துறைமுக ஊர், மிஷன் ஊர் என்று எங்கே போனாலும் ஒரு பழைய கல்லறைத் தோட்டம் இருக்கும். வேலிக்கருவை மூடிக் கிடக்கும் அந்த இடங்களைப் பற்றி இப்போது பலர் அக்கறையோடு கேட்கிறார்கள். குடும்ப வேர் தேடுபவர்கள், கல்லூரி மாணவர்கள், தென்னிந்தியத் திருச்சபையின் சேகரக் கமிட்டிக்காரர்கள், கத்தோலிக்கப் பங்குப் பேரவை உறுப்பினர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கிறிஸ்தவக் கல்லறைகளைப் பற்றியே பேச்சு அதிகம் இருக்கும். அடக்கத்தை ஏட்டில் எழுதி வைக்கும் வழக்கம் அங்கேதான் நெடுங்காலமாக இருந்து வருகிறது.

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தை ஆவணப்படுத்த ஆசை. முதல் வேலை என்ன?

புதர் வெட்டுவது முதல் வேலை அல்ல. ஜேசிபி வைத்து ஒரே நாளில் ‘சுத்தம்’ செய்தால், நூறு வருட வெயிலும் மழையும் செய்யாத சேதத்தை அந்த ஒரு நாள் செய்துவிடும். குழந்தைகளின் கல்லறை பெரும்பாலும் சின்னச் செங்கல் மேடாகத்தான் இருக்கும். புதருக்குள் அது குப்பைமேடு போலவே தெரியும். உடைந்து விழுந்த கல்வெட்டுத் துண்டு மண்ணோடு சேர்த்து வாரப்பட்டால் பிறகு கிடைக்கவே கிடைக்காது.

முதலில் இருக்கிறபடியே ஒரு வரைபடம் போடுங்கள். வாசல், சுற்றுச்சுவர், பாதை, பெரிய மரங்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, வாசலிலிருந்து வரிசை வரிசையாக ஒவ்வொரு கல்லறைக்கும் ஓர் எண் கொடுங்கள். எண்ணைக் கல்லில் எழுதாதீர்கள். வரைபடத்திலும் நோட்டிலும் இருந்தால் போதும். உடைந்த துண்டுக்கும் எண் கொடுத்து, எந்த இடத்தில், எப்படிக் கிடந்தது என்று எழுதுங்கள். அதன் பிறகு கைஅரிவாளால் கொஞ்சம் கொஞ்சமாகச் செடியை வெட்டலாம்.

இடம் யாருக்குச் சொந்தம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணைக் கேட்டு, நிலம் யார் பெயரில் என்று சொல்லும் ‘அ’ பதிவேட்டையும் அதன் எல்லையைக் காட்டும் புல வரைபடத்தையும் பாருங்கள். சில இடங்கள் திருச்சபை அறக்கட்டளையின் பெயரில் இருக்கும். சில புறம்போக்கு என்று இருக்கும். பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம் டச்சுக் கல்லறைகள்போல் சில இடங்கள் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. யாருடைய இடமோ அவர்களிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்கிவிட்டு உள்ளே போங்கள்.

பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றால் 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் பொருந்தும். 2010இல் செய்த திருத்தத்தின்படி அதைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடம் கட்டத் தடை. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். மாநிலத்துக்கு 1966ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. ஆனால் நம் ஊர்த் தோட்டங்களில் மிகப் பெரும்பாலானவை இந்த இரண்டு பட்டியலிலும் இல்லை. ஊர்க்காரர்கள் காத்தால்தான் அவை நிற்கும்.

கல்லைப் படம் எடுத்தால் போதாதா? பதிவேட்டை ஏன் தேட வேண்டும்?

கல் நட வசதி இருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். கலெக்டர், பட்டாள அதிகாரி, வியாபாரி, மிஷனரி ஆகியோருக்குக் கல் இருக்கிறது. உபதேசியார், பள்ளி ஆசிரியர், ஆயா, சமையல்காரர், தோட்டக்காரர், காலராவில் ஒரே வாரத்தில் போன குடும்பம் ஆகியோருக்கு மண்மேடும் ஒரு மரச் சிலுவையும்தான். மரம் சில வருடங்களில் மக்கிவிடும். அவர்கள் இருந்ததற்கு மிஞ்சும் ஒரே சாட்சி அடக்கப் பதிவேட்டின் ஒரு வரி.

வெள்ளைக்காரச் சாப்ளின்கள் (ஆட்சியாளர் நியமித்த குருமார்) தங்கள் திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவுகளின் நகலை மேலிடத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து அது லண்டனுக்குப் போனது. ஆகவே திருச்சியிலோ வேலூரிலோ இறந்த ஓர் ஆங்கிலச் சிப்பாயின் பெயர் இங்கே கரையான் அரித்தாலும் அங்கே இருக்கும். அவர்களுடைய கல்வெட்டுகளையும் 1905இலேயே ஜே. ஜே. காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி மதராஸ் மாகாணம் முழுவதற்குமாகத் தொகுத்து அச்சிட்டுவிட்டார். தமிழ்க் கிறிஸ்தவருக்கு அப்படிப்பட்ட இரண்டாம் பிரதி பெரும்பாலும் கிடையாது. பங்கு அலுவலக அலமாரியில் இருக்கும் அந்த ஒரு நோட்டுத்தான் எல்லாம். உங்களிடம் ஒரு வாரம்தான் நேரம் இருக்கிறது, கல்லா ஏடா என்று கேட்டால், யோசிக்காமல் ஏட்டைப் படம் எடுங்கள் என்பேன்.

பழைய பதிவேடுகள் எங்கெங்கே இருக்கின்றன?

முதலில் ஊர்ப் பங்கில் கேளுங்கள். ஊர் இப்போது தனிப் பங்காக இருந்தாலும் நூறு வருடத்துக்கு முன் வேறொரு தாய்ப் பங்கின் கீழ் இருந்திருக்கலாம். அப்படியென்றால் பழைய ஏடு அங்கே இருக்கும். கத்தோலிக்கப் பங்குகளில் இறந்தோர் பதிவேடு வைக்க வேண்டும் என்ற விதி 1614ஆம் ஆண்டின் உரோமைச் சடங்கு நூலிலேயே இருக்கிறது. இயேசு சபையினரின் மதுரை மிஷன் ஆவணங்களுக்குக் கொடைக்கானல் செண்பகனூரில் காப்பகம் உண்டு.

தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று பல சபைகள் சேர்ந்து உருவானது. அதற்கு முன் உங்கள் சபை எந்த மிஷனைச் சேர்ந்தது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். திருநெல்வேலிப் பக்கம் சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சங்கம்), எஸ்.பி.ஜி. (நற்செய்தி பரப்பும் சங்கம்) என்ற இரு ஆங்கிலிக்க மிஷன்கள். நாகர்கோவில் பக்கம் லண்டன் மிஷன். அவற்றின் கடிதங்களும் அறிக்கைகளும் முறையே பர்மிங்காம், ஆக்ஸ்போர்டு, லண்டன் பல்கலைக்கழகக் காப்பகங்களில் இருக்கின்றன. தரங்கம்பாடி லுத்தரன் மிஷனுக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலுள்ள பிராங்கே நிறுவனக் காப்பகம். 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு காலத்துத் தாள்கள் முதற்கொண்டு அங்கே இருக்கின்றன.

மதராஸ் மாகாண ஆங்கிலப் பதிவுகளின் நகல் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் என்/2 என்ற வரிசையில் இருக்கிறது. பெயர் அட்டவணையைக் கொண்டு இணையத்திலும் தேடலாம். பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் பெயர்கள்தான் வரும்.

இந்த விஷயத்தில் புதுச்சேரிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். பிரெஞ்சு ஆட்சியின் சிவில் பதிவுகளைத் தென் பிரான்சில் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 1676 முதலான புதுச்சேரிப் பதிவுகளின் சுருக்கத்தை ஆளுநராக இருந்த அல்பிரட் மார்த்தினோ தொகுத்து அச்சிட்டிருக்கிறார்.

திருச்சபை ஏடு கிடைக்காவிட்டால் அரசுப் பதிவைப் பாருங்கள். மதராஸ் மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கு 1899இல் சட்டம் வந்தது. நாடு முழுவதற்கும் இப்போதுள்ள சட்டம் 1969ஆம் ஆண்டினுடையது. பழைய கிராமப் பதிவேடு தாலுகா அலுவலகத்திலோ நகராட்சியிலோ இருக்கலாம். எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் நிலம், பட்டாளம், திருச்சபை தொடர்பான அரசாணைகளைத் தேடினால் கல்லறைத் தோட்டத்துக்கு இடம் ஒதுக்கிய உத்தரவு கையில் கிடைக்க வாய்ப்பு உண்டு.

பதிவேட்டில் எங்கள் தாத்தாவின் அப்பா பெயரே இல்லையே?

வீட்டில் கூப்பிட்ட பெயரில் தேடியிருப்பீர்கள். பதிவேட்டில் ஞானப்பெயர், அதாவது திருமுழுக்கில் வைத்த பெயர்தான் இருக்கும். கத்தோலிக்க ஏடுகளில் அதுவும் லத்தீனில் இருக்கலாம்: அருளப்பன் அங்கே யோவான்னெஸ், ராயப்பன் பேத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ். பெண்கள் பல ஏடுகளில் ‘இன்னார் மனைவி’, ‘இன்னார் மகள்’ என்று மட்டுமே வருவார்கள். ஆகவே பெயரை விட்டுவிட்டுத் தகப்பன் பெயர், ஊர், வயது, ஆண்டு ஆகியவற்றைச் சேர்த்துத் தேடுங்கள்.

இறந்த ஆண்டு உறுதியாகத் தெரியாவிட்டால் வீட்டுப் பெரியவர்களிடம் ‘தாது வருடப் பஞ்சத்துக்கு முன்னாடியா பின்னாடியா’ என்று கேட்டுப் பாருங்கள். 1876–78 பஞ்சமும் 1918இன் விஷக் காய்ச்சலும் குடும்ப நினைவில் ஆழமாக நிற்பவை. அந்த ஆண்டுகளின் பக்கங்களை மட்டும் தள்ளாமல் வரிவரியாகப் படியுங்கள். அவசரத்தில் எழுதப்பட்ட வரிகளில் பெயர் பாதியாகத்தான் இருக்கும்.

கல்லில் ஒரு தேதி, ஏட்டில் ஒரு தேதி. எது சரி?

முதலில், இறந்த நாளும் அடக்க நாளும் வேறு வேறு. நம் வெயிலில் அந்த இடைவெளி ஒரு நாளைத் தாண்டுவது அரிது. தாண்டினால் காரணத்தைத் தேடுங்கள்.

இரண்டாவது, நாட்காட்டி. 1752க்கு முன் ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. ஆகவே ஆங்கிலக் கல்லில் 1688 பிப்ரவரி என்று இருந்தால் நம் கணக்கில் அது 1689. ஆலந்துக்காரர்கள் (டச்சுக்காரர்கள்) 1583லேயே புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டார்கள்; தரங்கம்பாடியை ஆண்ட டென்மார்க் 1700இல் மாறியது. அந்தக் காலத்தில் பழவேற்காட்டு டச்சுக்காரரும் சென்னை ஆங்கிலேயரும் ஒரே நாளுக்குப் பத்து நாள் வித்தியாசத்தில் தேதி போட்டிருப்பார்கள்.

நம் ஊர்க் கற்களில் கொல்லம் ஆண்டு இருந்தால் 824 அல்லது 825 கூட்டுங்கள். சாலிவாகன சகம் என்றால் 78 அல்லது 79. ஆர்மீனியக் கற்களில் எழுத்துகளையே எண்களாகப் போட்டிருப்பார்கள். அவர்கள் ஆண்டோடு 551 கூட்ட வேண்டும். ஹிஜ்ரி ஆண்டு சந்திரக் கணக்கு, வருடத்துக்குச் சுமார் 354 நாள்தான் என்பதால் நேராகக் கூட்டினால் தப்பாகும். மாற்று அட்டவணையைப் பாருங்கள். பிரபவ முதலான அறுபது ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் எழுத்தமைதியையும் பக்கத்துக் கற்களையும் கொண்டுதான் எந்தச் சுற்று என்று முடிவுசெய்ய முடியும்.

எப்படி மாற்றினாலும், கல்லில் உள்ள தேதியை உள்ளபடியே முதலில் எழுதிவிட்டு, உங்கள் கணக்கைத் தனிக் கட்டத்தில் எழுதுங்கள்.

தேய்ந்துபோன எழுத்தைப் படிக்க மாவு பூசலாமா? சாக்பீஸ் தேய்க்கலாமா?

வேண்டாம். மாவு கல்லின் நுண்துளையில் தங்கிப் பூஞ்சையை வளர்க்கும், சாக்பீஸ் கீறும். ஆசிட், பிளீச்சிங் பவுடர், கம்பி பிரஷ் எதுவும் கூடாது.

வெளிச்சம் போதும். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் எழுத்து தானாக எழும்பி நிற்கும். நிழலில் இருக்கும் கல்லுக்கு ஓர் ஆள் உயரக் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். அதுவும் முடியாவிட்டால் இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லின் ஓரத்தில் படுக்கவைத்தாற்போல் பிடித்து, நாலு பக்கத்திலிருந்தும் படம் எடுங்கள். முழுக் கல்லறை, கல்வெட்டு, சிற்ப வேலை, கல்தச்சரின் பெயர் அடியில் இருந்தால் அது, பிறகு பக்கத்துக் கல்லறைகளும் சேர்ந்து தெரியும்படி ஒன்று. அளவுகோல் ஒன்றை ஓரத்தில் வையுங்கள். ஈரத் தாளைக் கல்லில் ஒற்றி மை தடவித் தொல்லியல் துறையினர் எடுக்கும் மைப்படி நல்ல முறைதான். ஆனால் பொரிந்து உதிரும் கல்லில் பழக்கமில்லாத கை அதைச் செய்யக் கூடாது.

கல்லறைத் திருநாளுக்கு வெள்ளையடித்துப் பெயின்ட் பூசுகிறோம். அது தப்பா?

நவம்பர் 2 அன்று குடும்பம் குடும்பமாக வந்து, புல் செதுக்கி, பூவும் மெழுகுதிரியும் வைத்து மந்திரிக்கும் வழக்கத்தால்தான் பல தோட்டங்கள் இன்றும் தோட்டங்களாக இருக்கின்றன. அதற்கு நான் எதிரி அல்லேன். பழைய கல்லறைகள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டியவை. சுவர்ப் பகுதிக்குச் சுண்ணாம்பு அடிப்பது அவற்றுக்கு நல்லதே. கல்வெட்டுப் பலகையை மட்டும் விட்டுவிடுங்கள். எனாமல் பெயின்ட் எழுத்துக் குழிகளை அடைத்துவிடும்; கறுப்பு மையால் எழுத்துக்கு மேல் எழுதும்போது தேய்ந்த 3 என்பது 8 ஆகிவிடும், அதன் பிறகு வருகிறவர்கள் எல்லோரும் 8 என்றுதான் படிப்பார்கள்.

சிமென்டைப் பற்றி இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன். சுண்ணாம்புக் கட்டு மூச்சுவிடும். உள்ளே போன ஈரம் வெளியே வந்துவிடும். சிமென்ட் பூசினால் ஈரமும் உப்பும் உள்ளேயே நின்று செங்கல்லைப் பொடியாக்கும். விரிசலை அடைக்க வேண்டுமென்றால் பழைய கோயில், வீட்டு வேலை தெரிந்த சுண்ணாம்புக் கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள். கல்லைக் கழுவ வெறும் தண்ணீரும் மென்மையான நார்ப் பிரஷும் போதும். டைல்ஸ் ஒட்டவே ஒட்டாதீர்கள்.

கல்லறையைப் பிளந்துகொண்டு அரசமரம் வளர்ந்திருக்கிறது. பிடுங்கிவிடலாமா?

இழுத்துப் பிடுங்கினால் கட்டும் சேர்ந்து வரும். தரையோடு அறுத்துவிட்டு, துளிர்க்கத் துளிர்க்க வெட்டுங்கள். வேர் உள்ளேயே காய்ந்த பிறகு விரிசலை அடையுங்கள். பெரிய மரமாகிவிட்டால் அதைத் தொடும் முன் பாதுகாப்புக் கட்டடக்கலை தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

கல் இருக்கும் இடத்தில்தான் ஆள் புதைந்திருப்பார் என்று சொல்ல முடியுமா?

முடியாது. சென்னைக் கோட்டையிலுள்ள புனித மரியாள் ஆலயத்தைப் பாருங்கள். 1680இல் அர்ச்சிக்கப்பட்ட அந்த ஆலயத்தின் முற்றத்தில் தரையெல்லாம் கல்லறைப் பலகைகள் பாவியிருக்கும். 1652ஆம் ஆண்டைச் சேர்ந்த எலிசபெத் பேக்கரின் கல்லும் அங்கே இருக்கிறது. ஆனால் அவர்களில் பலர் புதைந்தது அங்கே அல்ல. இன்று உயர் நீதிமன்றமும் சட்டக் கல்லூரிக் கட்டடமும் இருக்கும் பக்கத்தில். 1758–59இல் லாலியின் பிரெஞ்சுப் படை முற்றுகையிட்டபோது அங்கிருந்த உயரமான கல்லறைகள் எதிரிக்கு மறைவிடமாகிவிட்டன. முற்றுகை முடிந்ததும் ஆங்கிலேயர் அவற்றை இடித்துப் பலகைகளை ஆலய முற்றத்துக்குக் கொண்டுபோனார்கள்.

பழைய இடத்தில் தப்பியவற்றுள் ஜோசப் ஹின்மர்ஸின் கூம்புக் கல்லறை முக்கியமானது. அவர் 1680இல் இறந்தார். அதே ஆண்டு நவம்பர் 4 அன்று அவருடைய மனைவி கேத்தரின், பின்னாளில் ஆளுநரான எலிஹு யேலை மறுமணம் செய்துகொண்டார். புனித மரியாள் ஆலயத் திருமணப் பதிவேட்டின் முதல் பதிவே அதுதான். அவர்களுடைய மகன் டேவிட் சிறு குழந்தையாக இறந்தபோது, தாயின் முதல் கணவர் கல்லறையிலேயே அவனையும் அடக்கம் செய்தார்கள். வேறு வேறு குடும்பப் பெயருள்ள இருவர் ஏன் ஒரே கல்லறையில் என்று கல்லை மட்டும் பார்த்தால் புரியாது. பதிவேட்டையும் சேர்த்துப் பார்த்தால் புரியும்.

போர்வீரர்களும் இடம் மாறியிருக்கிறார்கள். நந்தம்பாக்கத்திலுள்ள சென்னைப் போர்க் கல்லறை 1952இல் உருவானது. தெற்கிலும் கிழக்கிலும் சிதறிக் கிடந்த ஊர்க் கல்லறைகளிலிருந்து இரண்டாம் உலகப் போர் வீரர்களை எடுத்து அங்கே சேர்த்தார்கள். உங்கள் ஊர் ஏட்டில் பெயர் இருந்து தோட்டத்தில் கல் இல்லாவிட்டால் அங்கே தேடுங்கள். நெருக்கடியான நகரத் தோட்டங்களில் ஒரே குழியைக் குடும்பத்துக்காக மறுபடி திறப்பதும் உண்டு. ஒரு கல்லின் கீழ் பெயரில்லாத இன்னும் சிலர் இருக்கலாம்.

கல்வெட்டு வாசகம் என்று சொல்லப்படுவதை நம்பலாமா?

கல்லைப் பார்த்து, அல்லது தெளிவான படத்தைப் பார்த்துப் படித்த பிறகு நம்புங்கள். ஜி. யு. போப்பின் கல்லறையில் ‘இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்’ என்று பொறித்திருப்பதாக மேடைதோறும் கேட்டிருப்பீர்கள். 1908இல் இறந்த அவருடைய கல் ஆக்ஸ்போர்டில் புனித செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் இன்றும் இருக்கிறது. அதில் அந்த வாசகம் இல்லை. அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியாவின் தமிழ் நண்பர்களும், அவர் வாழ்நாளெல்லாம் செய்த பணியை அன்போடு போற்றி அந்தக் கல்லை நாட்டியதாக ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. இங்கிருந்து பணம் அனுப்பி ஓர் அறிஞருக்குக் கல் நாட்டினார்கள் நம்மவர்கள். கற்பனை வாசகத்தைவிட இந்த உண்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அதேபோல் நம்ப முடியாததுபோல் தோன்றும் உண்மையும் உண்டு. 1798இல் இறந்த ஜெர்மன் மிஷனரி சுவார்ட்சின் தஞ்சாவூர்க் கல்லறையில் உள்ள ஆங்கிலக் கவிதையை எழுதியவர் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி.

பதிவேட்டில் சாதிப் பெயர்கள் இருக்கின்றன. தோட்டத்தில் சாதிச் சுவரே இருக்கிறது. அதையும் எழுத வேண்டுமா?

எழுத வேண்டும். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்துச் சுவரைப் பற்றி ஊரே அறியும். அது ஒன்று மட்டும் அல்ல. சுவர், தனி வாசல், தனி ஓரம் எல்லாவற்றையும் வரைபடத்தில் அளவோடு குறியுங்கள். அதை விட்டுவிட்டு வரைந்தால், அங்கே பிரித்துப் புதைக்கப்பட்டவர்களுக்கு நாம் இன்னொரு முறை அநியாயம் செய்கிறோம். பதிவேட்டின் மூலப் படத்தில் எதையும் மறைக்காதீர்கள். ஆனால் பொதுவில் தேடும் பெயர்ப்பட்டியலில் சாதியை ஒரு தேடுசொல்லாக வைக்க வேண்டாம். இன்று வாழும் குடும்பங்களை அது தொடும். இறப்புக்குக் காரணமான நோய், தற்கொலை, தகப்பன் பெயரில்லாக் குழந்தை ஆகியவற்றுக்கும் அதே கவனம் வேண்டும். அண்மைக் காலத்து அடக்கங்களைக் குடும்பத்தார் சம்மதம் இல்லாமல் வெளியிடாதீர்கள்.

கிறிஸ்தவர் அல்லாதோரின் அடக்கத்தலங்களுக்கு இது பொருந்துமா?

வரைபடம், படம், வெளிச்சம் எல்லாம் பொருந்தும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களின் பழைய மீசான் கற்களில் அரபு எழுத்து இருக்கும். படிக்கத் தெரிந்த ஆலிமையும் ஜமாஅத்தையும் சேர்த்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள். இந்துக்களில் புதைக்கும் வழக்கமுள்ள சமூகங்களின் இடுகாட்டில் கல் குறைவு, ஏடு அதைவிடக் குறைவு. சமாதிகளைக் காட்டித்தர ஊர்ப் பெரியவர்களும் தலைமுறையாகக் குழி வெட்டும் குடும்பத்தாரும்தான் இருக்கிறார்கள். எந்தக் குழியில் யார் என்பது அவர்களுக்கு மனப்பாடம். அவர்களை உடன் நடக்கவைத்து, சொல்வதை அப்படியே குரல்பதிவு செய்யுங்கள். இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கையில் கிடைத்த பதிவேடு கிழிந்திருக்கிறது. லேமினேஷன் செய்து வைக்கலாமா?

கூடவே கூடாது. பிளாஸ்டிக்குள் ஒட்டிய தாளைத் திரும்பப் பிரிக்க முடியாது. சூட்டில் மையும் தாளும் கெடும். செல்லோ டேப்பும் ஒட்டாதீர்கள். பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். ஈரமில்லாத அறையில், தரையிலிருந்து உயர்த்தி, பருத்தித் துணியில் சுற்றிப் படுக்கவைத்து வையுங்கள்.

படம் எடுக்கும்போது அட்டையிலிருந்து அட்டை வரை, வெற்றுப் பக்கங்களையும் விடாமல் எடுங்கள். வெற்றுப் பக்கம் இல்லாவிட்டால் நடுவில் பக்கம் விட்டுப்போயிற்றா என்று பிறகு சந்தேகம் வரும். முதுகை அழுத்தி விரிக்காமல் இரண்டு பக்கமும் தலையணை கொடுங்கள். ஏட்டை அலுவலகத்தை விட்டு வெளியே கொண்டுபோகாதீர்கள். பங்குத்தந்தையோ சேகர குருவோ உங்களை நம்பி இரண்டாம் முறை கதவைத் திறக்க வேண்டும் அல்லவா? எழுத்துப்பெயர்ப்பில் பிழையைத் திருத்தாமல் உள்ளபடி எழுதுங்கள். புரியாத எழுத்துக்குக் கேள்விக்குறி போடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள்.

வேலை முடிந்தது. எல்லாவற்றையும் எங்கே வைப்பது?

ஒரே இடத்தில் வைக்காதீர்கள். அச்செடுத்துக் கட்டிய பிரதி ஒன்று பங்கு அலுவலகத்துக்கு, ஒன்று மறைமாவட்டக் காப்பகத்துக்கு, ஒன்று மாவட்ட மைய நூலகத்துக்கு. படங்களின் மின்பிரதி இரண்டு வெவ்வேறு வீடுகளில் இருக்கட்டும். ஐரோப்பியக் கல்லறைகள் உள்ள தோட்டம் என்றால் 1976இல் லண்டனில் தொடங்கிய தெற்காசியக் கல்லறைகளுக்கான பிரிட்டிஷ் சங்கத்துக்கு எழுதுங்கள். அவர்கள் கல்வெட்டுப் பட்டியல்களை வாங்கிப் பிரிட்டிஷ் நூலகத்தில் சேர்க்கிறார்கள், பழுதுபார்க்கும் வேலைகளுக்கு ஓரளவு பண உதவியும் செய்கிறார்கள். அழியும் நிலையிலுள்ள ஏடுகளை மின்மயமாக்க, 2004இல் தொடங்கிய பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டம் நல்கை தருகிறது. மூல ஏடு ஊரிலேயே இருக்கும். அதற்கு ஊர்க்காரரின் சம்மதக் கடிதம் வேண்டும், ஆகவே விண்ணப்பத்தை எழுதும் முன்பே சபையாரிடம் பேசிவிடுங்கள்.

ஒவ்வொரு பிரதியிலும் முதல் தாளில் நான்கு விவரம் எழுதுங்கள்: எந்த ஆண்டு எடுத்தது, யார் அனுமதித்தது, எந்த ஏடுகள் இதில் இல்லை, தோட்டத்தின் எந்தப் பகுதிக்குப் புதரால் போக முடியவில்லை. அடுத்து வருகிறவர்கள் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, நீங்கள் விட்ட மூலையிலிருந்து தொடங்குவார்கள்.